பக்கத்துத் தெருவின் கடவுளை அறிதல்



பல சமயங்களையும் கற்பதைப் பற்றி இந்தச் சொற்பொழிவில் பேசும்படி அறக்கட்டளையார் என்னைப் பணித்திருக்கிறார்கள். எல்லாச் சமயமும் அன்பைத்தான் சொல்கிறது, எல்லா ஆறும் ஒரே கடலுக்குத்தான் போகிறது என்று சொல்லிவிட்டு அமர்ந்தால் இந்தத் தலைப்புக்கு அதுவே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் மூன்று தலைமுறையாக நாம் ஒருவர் சமயத்தை மற்றவர் படிக்காமலே இருந்துவிட்டோம். எல்லாம் ஒன்றுதான் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால், அடுத்த வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன மிச்சமிருக்கிறது? நம்முடைய நம்பிக்கையைத்தான் அவரும் வேறு பெயரில் வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்கிறோம். அவர் அப்படி இல்லை என்று ஒருநாள் தெரியவரும்போது நமக்குக் கோபம் வருகிறது. வேறுபாட்டை முன்கூட்டியே கற்றவனுக்கு அந்தக் கோபம் வராது. இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். அதை நம் தருமபுரி மண்ணை வைத்தே சொல்ல முயல்கிறேன்.

தருமபுரியின் பழம்பெயரான தகடூர் என்றதும் நமக்கு அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் நினைவுக்கு வரும். அதே அதியமானைப் பற்றிய இன்னொரு செய்தியைப் பலர் அறியமாட்டார்கள். தென்பெண்ணைக் கரையில், திருக்கோவிலூர்ப் பக்கம், ஜம்பை என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள குன்றில், ஒரு குகையில், 1981இல் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வரிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி இந்த உறைவிடத்தைக் கொடுத்தான் என்று அது சொல்கிறது. அசோகன் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழரையும் பாண்டியரையும் கேரளபுத்திரரையும் சொல்லும்போது சத்தியபுத்திரர் என்று ஒரு மரபையும் சேர்த்துச் சொல்கிறான். அவர்கள் யார் என்று நெடுநாள் அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜம்பைக் குகை அதற்கு விடை தந்தது. அதியமான்களே அவர்கள்.

அந்தக் குகை துறவியர் தங்குவதற்குக் கொடுக்கப்பட்டது. சமணத் துறவியர் என்பது அறிஞர் பலரின் கருத்து. கொடுத்தவனுடைய குடி எப்படிப்பட்டது? அவன் முன்னோர் தேவர்களைப் போற்றி வேள்வி செய்தவர்கள், இந்த நிலத்துக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையே புறநானூற்றில் பாடியிருக்கிறார். வேள்வி செய்த குடியில் பிறந்தவன், வேள்வியை மறுக்கும் துறவிக்குத் தங்க இடம் கொடுத்திருக்கிறான். இதை வெறும் பெருந்தன்மை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சமணத் துறவி மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்கமாட்டார். புழுபூச்சிகள் பெருகும் காலம் என்பதால் ஓரிடத்தில் தங்குவார். அவருக்குத் தேவை பொன்னோ யானையோ அல்ல, தலைக்குமேல் ஒரு பாறை. எதைக் கொடுத்தால் அவர் ஏற்பார், எதைக் கொடுத்தால் மறுப்பார் என்று தெரிந்தவன்தான் அந்தக் கொடையைச் செய்ய முடியும்.

எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் தள்ளி வாருங்கள். நுளம்பர் ஆட்சியில் தகடூர் இருக்கிறது. நுளம்ப அரசர்கள் சைவர்கள். அவர்கள் பாணித் தூண்களை இன்றும் நம் கோட்டை மல்லிகார்ச்சுனர் கோயிலில் தொட்டுப் பார்க்கலாம். அவர்களில் மகேந்திரன் காலத்தில், சகம் 815இல், அதாவது கி.பி. 893இல், நிதியண்ணன், சந்தியண்ணன் என்ற வணிகக் குடும்பத்து உடன்பிறந்தார் இருவர் தகடூரில் ஒரு சமணப் பள்ளி கட்டினார்கள். அரசனிடம் பெற்ற ஓர் ஊரை அதன் பராமரிப்புக்காகச் சமண ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். தருமபுரித் தூண் ஒன்றில் கன்னடத்தில் வெட்டப்பட்டிருந்த செய்தி இது. சைவ அரசன், சமண வணிகர், கன்னட எழுத்து, தமிழ் நிலம். இந்த நான்கும் ஒரே தூணில் இருந்த ஊர் நம்முடையது.

இன்னும் மூன்று நூற்றாண்டு கழித்து, போளூர் அருகே திருமலை என்னும் சமணக் குன்றில் ஒரு கல்வெட்டு. தகடூரை ஆண்ட அதியமான் வழியினன் விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோன் எழினி நிறுவிய இயக்கன் இயக்கி உருவங்கள் பழுதுபட்டிருந்ததைச் சீர்செய்து மீண்டும் நிறுவினான் என்று தமிழும் வடமொழியும் அங்கே சொல்கின்றன. பாட்டன் வைத்ததைப் பேரன் பழுதுபார்க்கிறான். இடையில் எத்தனை போர், எத்தனை ஆட்சி மாற்றம்! அந்தக் குடியின் நினைவில் அந்தக் குன்று மட்டும் அழியாமல் இருந்திருக்கிறது.

இந்த மூன்று செய்தியும் நம் மாவட்டத்துப் பத்தாம் வகுப்பு மாணவர் எத்தனை பேருக்குத் தெரியும்? சமணம் என்றதும் அவர்கள் மனத்தில் தோன்றுவது கடைவீதியில் வணிகம் செய்யும் வடநாட்டுக் குடும்பங்கள்தான். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு உழுது பயிரிடும் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள், அவர்களுக்கு மேல்சித்தாமூரில் மடம் இருக்கிறது என்று சொன்னால் வியக்கிறார்கள். தன் ஊரில் ஆயிரம் ஆண்டு இருந்த ஒரு சமயத்தை வெளியூர்ச் சரக்கு என்று ஒரு பிள்ளை நினைப்பது அந்தப் பிள்ளையின் குற்றமில்லை. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்தவர் சமயம் இருக்கட்டும், நம்முடையதையே நாம் கற்கவில்லை. இம்மாவட்டத்தின் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆநிரை மீட்டு இறந்தவன், புலியோடு பொருது மாண்டவன் என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சாவு உண்டு. 1970களில் முனைவர் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம், தருமபுரிப் பகுதி நடுகற்களைத் தேடித் தேடிப் பதிவு செய்தது. தருமபுரி அருங்காட்சியகத்தில் அவற்றில் சிலவற்றைப் பார்க்கலாம். வெளியே இருப்பவற்றில் பல இன்னும் வழிபாட்டில் இருக்கின்றன. வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வந்து, இந்து சமயம் என்ற தலைப்பில் வேதம், உபநிடதம் என்று படிக்கிறது. வேடியப்பன் அந்தப் பாடத்தில் இல்லை. தன் குலதெய்வம் எந்தச் சமயம் என்று அந்தப் பிள்ளை கேட்டால் ஆசிரியர் என்ன பதில் சொல்வார்? ஊர் காக்க உயிர்விட்ட ஒரு மனிதனை ஊர் தெய்வமாக்கிக்கொண்ட கதையைச் சொல்லலாம். அது எந்தச் சமய நூலுக்கும் குறைந்த பாடமில்லை.

இனி வேறுபாட்டுக்கு வருகிறேன். பென்னாகரம் வட்டத்தில் நான் தமிழாசிரியராக இருந்த காலத்தில், ஒரு ரமலான் மாதம். மதிய உணவு நேரத்தில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சாப்பிடப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "எச்சில்கூட முழுங்கக் கூடாதாமேடா?" என்று ஒருவன் கேட்டான். "யாருடா சொன்னது? எச்சில் முழுங்கலாம், தண்ணிதான் குடிக்கக் கூடாது" என்றான் அவன். "காய்ச்சல் வந்தா?" "காய்ச்சல் வந்தா விட்டுட்டு அப்புறமா வச்சுக்கலாம்." "எங்கம்மா ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருக்கும், ஆனா பால் பழம் சாப்பிடும்" என்றான் இன்னொருவன். அங்கிருந்த கத்தோலிக்கப் பெண் ஒருத்தி, "எங்க வீட்ல பெரிய வெள்ளிக்கிழமை ஒருசந்தி. ஒருவேளைதான் சாப்பாடு, கறி கிடையாது" என்றாள். நான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பாடத்திட்டம் ஒன்று தானாகவே அங்கே நடந்துகொண்டிருந்தது.

பசி ஒன்றுதான், அது நான்கு வீட்டில் நான்கு பொருள் கொள்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருக்கும் தாய் பெரும்பாலும் ஒரு வேண்டுதலுக்காக இருக்கிறாள், அது அவளாக எடுத்துக்கொண்டது. முஸ்லிமுக்கு ரமலான் நோன்பு இறைவன் இட்ட கடமை. இஸ்லாத்தின் ஐந்து தூண்களில் ஒன்று. விரும்பினால் இருக்கலாம் என்பதற்கில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு, விட்டதைப் பிறகு நிறைவு செய்ய வேண்டும். கிறித்தவரின் தவக்கால நோன்பு பாவத்துக்கு வருந்துவது, கிறிஸ்துவின் பாடுகளில் பங்கு கொள்வது. சமணருக்கு உண்ணாமை என்பது உயிரில் ஒட்டிய வினையைக் கழற்றும் வழி. இவற்றைக் கலந்து எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னால் நால்வருக்கும் அநீதி செய்தவராவோம்.

நாட்காட்டியும் இப்படித்தான். தைப்பொங்கல் சூரியனைப் பார்த்து வருகிறது, ஆகவே ஆண்டுதோறும் கிட்டத்தட்ட ஒரே நாள். தீபாவளி ஐப்பசித் தேய்பிறையில் வருகிறது. அதே நாளைச் சமணர் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஈஸ்டர், மார்ச் 21ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு. இஸ்லாமிய ஆண்டோ முழுக்க நிலவின் கணக்கு. 354 நாளில் ஆண்டு முடிந்துவிடும். நம் பக்கத்துச் சந்திர ஆண்டுகளில் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்த்துப் பருவத்தோடு ஒட்டவைப்பார்கள். இஸ்லாம் அதை ஏற்பதில்லை. ஆகவே ரமலான் ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே வந்துகொண்டே இருக்கும். சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிடும். மார்கழிக் குளிரில் நோன்பு தொடங்கிய சிறுவன் நடுவயதில் சித்திரை வெயிலில் நோன்பிருப்பான். இதைத் தெரிந்துகொண்ட தலைமையாசிரியர், வெயில் காலத்து ரமலானில் உடற்பயிற்சி வகுப்பை முதல் மணிக்கு மாற்றிவைப்பார். யாரும் அவரிடம் வேண்டுகோள் வைக்க வேண்டியதில்லை. சமய அறிவு என்று நான் சொல்வது இந்த மாதிரி அறிவை.

கற்பது கற்பவரை மாற்றும் என்பதற்குத் தரங்கம்பாடியில் ஒரு சான்று உண்டு. 1706இல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழரை மதம் மாற்றத்தான் வந்தார். அதற்காகவே தமிழ் கற்றார். ஏடுகளைத் தேடித் திரட்டினார். ஊராரிடம் அவர்கள் சமயத்தைப் பற்றிக் கேள்விகள் அனுப்பி, பதில்களைக் கடிதமாகப் பெற்றார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஒரு பெரிய நூலாக எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே அவருடைய மேலாளரான பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை அழிக்கத்தான் உம்மை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் எண்ணம். 1867இல்தான் அந்நூல் சென்னையில் அச்சேறியது. சீகன்பால்கு தன் நம்பிக்கையைக் கடைசிவரை விடவில்லை. ஆனாலும் தமிழர் ஒழுக்கமும் கல்வியும் உடையவர்கள் என்று தன் நாட்டாரிடம் அவர் வாதாடினார். எதிர்க்க வந்தவரும் முறையாகக் கற்றால் நேர்மையாக எழுத வேண்டியதாகிறது.

பள்ளியில் சமயத்தைச் சொல்லிக் கொடுக்கலாமா, சட்டம் இடம் தருமா என்ற அச்சம் ஆசிரியர்களுக்கு உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது. போதனை வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு என்ற வேறுபாட்டை அரசியல் நிர்ணய சபையில் இப்பிரிவு விவாதத்துக்கு வந்தபோதே அம்பேத்கர் காட்டினார். 1964–66இல் கோத்தாரிக் கல்விக் குழுவும் இதே கோட்டைப் போட்டு, முக்கியமான சமயங்கள் ஒவ்வொன்றையும் பற்றிய செய்திகளைப் பாடத்தில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது 28ஆம் பிரிவை மீறாது என்று தீர்ப்பளித்தது. கதவு திறந்தேதான் இருக்கிறது.

இன்னும் சொல்லப்போனால் தமிழாசிரியர்கள் நெடுங்காலமாக அந்தக் கதவு வழியாகப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நம் தமிழ்ப் பாடநூல்களில் தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் இருக்கும். உமறுப்புலவரின் சீறாப்புராணம் இருக்கும். வீரமாமுனிவரின் தேம்பாவணி, எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், சமணரின் நீலகேசி, பௌத்தரின் மணிமேகலை எல்லாம் வந்துபோகும். உலகில் எத்தனை மொழிகளின் இலக்கியப் பாடத்தில் இத்தனை சமயம் வரும் என்று எண்ணிப் பாருங்கள். இது நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அதை நாம் எப்படிச் செலவழிக்கிறோம்? சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, ஆசிரியர் குறிப்பு, ஐந்து மதிப்பெண். சீறாவில் அரபுநாட்டுப் பாலை எப்படித் தமிழ் மருதமாகிறது என்று கேட்பதில்லை. நபியை உருவமாக வரையாத ஒரு சமயத்தின் புலவர் எப்படி நபியின் வாழ்க்கையைக் காப்பியமாக்கினார், எங்கே தயங்கியிருப்பார் என்று கேட்பதில்லை. வகுப்பில் இருக்கும் முஸ்லிம் மாணவனிடம் இந்தப் பகுதியை நீங்கள் வீட்டில் எப்படிக் கேட்டிருக்கிறீர்கள் என்றும் கேட்பதில்லை. கேட்டால் அந்தப் பாடம் உயிர்பெறும்.

எப்படிக் கற்பிக்கக் கூடாது என்பதற்கும் நமக்குத் தமிழர் வாழும் நாடுகளிலிருந்து பாடம் உண்டு. சிங்கப்பூர் 1980களில் உயர்நிலை வகுப்புகளில் சமய அறிவைக் கட்டாயப் பாடமாக்கியது. விவிலியம், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்பூசிய நெறி என்று மாணவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படிக்கலாம். பெரும்பாலோர் தம் வீட்டுச் சமயத்தையே தேர்ந்தார்கள். சில ஆண்டுகளிலேயே சமயங்களுக்கிடையே போட்டியும் உரசலும் கூடுகிறதோ என்று அரசு கவலைப்பட்டது. கட்டாயத்தை விலக்கியது. 1990இல் சமய நல்லிணக்கப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இலங்கையில் இன்றும் சமயம் பள்ளியில் ஒரு முக்கியப் பாடம். பௌத்தப் பிள்ளை பௌத்தம் படிக்கிறது, சைவப் பிள்ளை சைவநெறி படிக்கிறது, கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் தங்களுடையதைப் படிக்கிறார்கள். சமய வகுப்பு மணி அடித்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் தனித்தனி அறைக்குப் பிரிந்து போகிறார்கள். ஒருவர் அறையில் என்ன சொல்லப்படுகிறது என்று மற்றவருக்குத் தெரியாது. தன் சமயத்தைத் தான் கற்பது வீட்டுக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் உரிய வேலை. பள்ளி செய்ய வேண்டியது அடுத்தவருடையதை அவர் முன்னிலையிலேயே கற்க வைப்பது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்த மாவட்டத்தில் நின்று பேசும் தகுதி எனக்கில்லை. 2012 நவம்பர் 7ஆம் நாள், நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்து அது நடந்தது. எரித்தவர்களும் எரிக்கப்பட்டவர்களும் கணக்கெடுப்பில் பெரும்பாலும் ஒரே சமயத்தைச் சேர்ந்தவர்கள். சமய நல்லிணக்கம் என்று மேடையில் பேசும்போது நாம் முஸ்லிமையும் கிறித்தவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கும் பாதை அந்தப் படத்தில் வருவதில்லை. அம்மன் தேர் எந்தத் தெரு வரை போகும், எந்தத் தெருவுக்குள் போகாது, யார் பறையடிக்க வேண்டும், யார் உள்ளே போய்க் கும்பிடலாம் என்பதெல்லாம் சமயத்தைப் பற்றிய அறிவுதான். பாடப்புத்தகம் எழுதாவிட்டாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது தெரியும். பல சமயங்களைக் கற்பது என்று தொடங்கினால் இதையும் வகுப்பில் பேசியாக வேண்டும். பள்ளிவாசலில் தொழுகைக்கு வரிசையில் நிற்கும்போது தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள் என்று கற்ற பிள்ளை, நம் கோயிலில் ஏன் அப்படி இல்லை என்று கேட்கும். கேட்கட்டும். அந்த ஒரு கேள்விக்காகவே மற்ற சமயத்தைக் கற்கலாம். அடுத்தவர் சமயத்தின் குறையும் அதேபோலத் தெரியவரும். மதம் மாறிய பிறகும் கல்லறைவரை சாதி தொடர்ந்த கதை தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் உண்டு. அதையும் மறைக்க வேண்டாம்.

பாப்பாரப்பட்டிக்கு வருவோம். வத்தலக்குண்டில் பிறந்து, வ.உ.சி.யோடு 1908இல் சிறைபுகுந்து, சிறையிலேயே தொழுநோய் பற்றி, இரயிலில் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்ட பிறகும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய சுப்பிரமணிய சிவா, கடைசியில் கால்பதித்தது நம் மாவட்டத்தில். பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கிப் பாரதபுரம் என்று பெயரிட்டார். அங்கே பாரத மாதாவுக்கு ஆலயம் கட்ட நினைத்தார். 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். சாதி, மத வேற்றுமை பாராமல் இந்தியர் எல்லாரும் வந்து கூடும் இடமாகச் சிவா அதை எண்ணினார். ஆலயம் எழும்புமுன் 1925 ஜூலை 23ஆம் நாள் அங்கேயே காலமானார்.

அந்த மனிதரின் தியாகத்துக்குமுன் நான் தலைவணங்குகிறேன். அந்த மரியாதையோடுதான் இதையும் சொல்கிறேன். தாயின் உருவம் வைத்த ஓர் ஆலயத்தில் முஸ்லிம் வந்து வணங்க முடியுமா? நாட்டை அவர் நேசிப்பார், நாட்டுக்காக உயிரும் கொடுப்பார். ஆனால் இறைவன் ஒருவனைத் தவிர வேறெதையும் வணங்காமை அவருடைய சமயத்தின் உயிர்நாடி. வந்தே மாதரம் பாடலைப் பற்றி இதே தடை எழுந்தபோது, 1937இல் காங்கிரஸ் செயற்குழு முதல் இரு பத்திகளை மட்டும் பாடுவது என்று முடிவெடுத்தது. காசியில் சிவபிரசாத் குப்தா கட்டிய பாரத மாதா கோயிலைக் காந்தியடிகள் 1936இல் திறந்துவைத்தார். அங்கே சிலை கிடையாது. சலவைக்கல்லில் செதுக்கிய இந்திய வரைபடம்தான் இருக்கிறது. எல்லாச் சமயத்தாரும் வந்து நின்று பார்க்கலாம். அடுத்தவரால் எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று அறிந்து செய்த ஏற்பாடு அது. எல்லாரும் வாருங்கள் என்று வாசலைத் திறந்துவைப்பது நல்ல மனம். வருகிறவர் எந்த இடத்தில் தயங்குவார் என்று தெரிந்துகொள்வதற்கு நல்ல மனம் மட்டும் போதாது, படிப்பு வேண்டும்.

அசோகனின் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டு சமயங்களைப் பற்றியது. தன் சமயத்தைக் காரணமின்றிப் புகழ்வதும் பிறர் சமயத்தைப் பழிப்பதும் தன் சமயத்துக்கே கேடு என்றும், ஒருவர் நெறியை மற்றவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சத்தியபுத்திரரைத் தன் கல்வெட்டில் பெயர் சொல்லிக் குறித்த அதே அரசன் எழுதியது. கேட்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. மணிமேகலையில் ஒரு காதை முழுக்க இதுதான் நடக்கிறது. சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை என்று அதற்குப் பெயர். மணிமேகலை வஞ்சிமாநகரில் துறவி வடிவில் போய், அளவைவாதி முதல் பூதவாதி வரை சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர் எனப் பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். பௌத்தக் காப்பியம் அது. அவள் கடைசியில் எந்த நெறியில் சேர்வாள் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். இருந்தும் சாத்தனார் மற்றவர்களை அவர்கள் மொழியிலேயே பேசவிட்டார். ஆசீவகரைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் செய்திகளில் ஒரு பகுதி, அவர்களை ஏற்காத அந்த நூலால் வந்தது.

இனி, என்ன செய்யலாம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு நாள் பயணம் ஒன்றை நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்யலாம். காலையில் கோட்டைக் கோயில்களின் தூண்கள். பிறகு அருங்காட்சியகத்து நடுகற்கள். அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலின் இராமாயண, பாரத ஓவியங்கள். பகல் தொழுகை முடிந்த பின் நகரத்துப் பள்ளிவாசலில் இமாமோடு அரைமணி நேரம். மாலையில் கோவிலூர், பி.பள்ளிப்பட்டி போன்ற பழைய கத்தோலிக்கக் கிராமம் ஒன்று. நேரமிருந்தால் பாப்பாரப்பட்டி. எல்லாம் நம் மாவட்டத்துக்குள்ளேயே, ஒரு பேருந்தில் முடிகிற காரியம். போகுமுன் பிள்ளைகள் கேள்வி எழுதிக்கொண்டு போக வேண்டும். தொழுகைக்கு முன் ஏன் கை கால் கழுவுகிறீர்கள்? அப்பமும் இரசமும் உங்களுக்கு வெறும் அப்பமும் இரசமும்தானா? இந்தக் கல்லுக்கு ஏன் கிடா வெட்டுகிறீர்கள்? பதிலை அந்தச் சமயத்தார்தான் சொல்ல வேண்டும், ஆசிரியர் அல்ல. ஆசிரியருக்கு வேலை, கேள்வி மரியாதையாகக் கேட்கப்படுகிறதா, பதில் பொறுமையாகக் கேட்கப்படுகிறதா என்று பார்ப்பது. பெற்றோரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வழிபாட்டில் எந்தப் பிள்ளையும் பங்கு கொள்ள வேண்டியதில்லை, பிரசாதம் வாங்குவதும் வாங்காததும் பிள்ளையின் விருப்பம் என்று அதில் தெளிவாக எழுதுங்கள். பல பெற்றோரின் தயக்கம் அந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

அந்தக் கேள்விகளையும் பதில்களையும் தொகுத்து, இம்மாவட்டத்துச் சமயங்களைப் பற்றி ஒரு சிறு நூல் ஆக்கலாம். வேடியப்பனில் தொடங்கித் தகடூர்ச் சமணம், தர்காக்கள், தேவாலயங்கள், சித்தேரி மலைவாழ் மக்களின் தெய்வங்கள் வரை. ஒவ்வொரு பகுதியையும் அச்சுக்குப் போகுமுன் அந்தச் சமயத்தார் முன் வாசித்துக் காட்ட வேண்டும். "இது நாங்கள் இல்லை" என்று அவர்கள் சொல்லும் பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும். அறக்கட்டளையாரிடம் என் வேண்டுகோள் இது ஒன்றே. அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் அந்த நூலை அச்சிட்டு, மாவட்டத்தின் ஒவ்வொரு அரசுப் பள்ளி நூலகத்துக்கும் இரண்டிரண்டு படி அனுப்பிவையுங்கள். பிழைதிருத்தும் வேலைக்கு நான் வருகிறேன்.